தட்டத் தட்ட அடங்கும் மணலும், உறையாமல் இறுகும் கண்ணாடியும்

மளிகைக் கடைகளில் படியால் அரிசி அளந்து விற்ற காலத்தில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. படியைக் குலுக்கி அளப்பதா, குலுக்காமல் அளப்பதா என்பதுதான் அது. குலுக்கினால் அரிசி கீழே இறங்கும். மேலே இன்னும் ஒரு பிடி கொள்ளும். கடைக்காரர் குலுக்க மாட்டார். வாங்க வந்த அம்மாளோ, "இன்னும் ஒரு தட்டுத் தட்டி அளங்க" என்பார். இரண்டு தட்டுத் தட்டினால் மட்டம் நன்றாக இறங்கும். மூன்றாவது தட்டில் இறங்குவது சொற்பம். அதற்குமேல் தட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அத்துடன் வழக்கும் தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே அதற்குமேல் ஒன்றும் இறங்குவதில்லையா? நம்மைப் போன்றவர்கள் இரண்டு மூன்று தட்டோடு நிறுத்திவிடுவோம். ஆனால் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக் கழகத்தில், ஹைன்ரிக் யேகர், சிட்னி நேகல் ஆகிய இரு பௌதிகப் பேராசிரியர்களின் ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகத் தட்டிப் பார்த்தார்கள். அந்தப் பரிசோதனையின் முடிவு 1995ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அவர்கள் எடுத்துக்கொண்டது அரிசியன்று; 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி மணிகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உள்விட்டமும் கொண்ட குழாயில் அவற்றை நிரப்பினார்கள். குழாயை ஓர் இயந்திரம் ஒரே ஒருமுறை மேலும் கீழும் உலுக்கும். மணிகள் முற்றிலும் அடங்கியபின் அடுத்த உலுக்கு. ஒவ்வோர் உலுக்கும் அதே அளவு, அதே வேகம். மணிகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைக் குழாயின் வெளியே பொருத்திய மின்தேக்கிகள் காட்டிக்கொண்டிருந்தன. பத்தாயிரம் தட்டையும் தாண்டி இந்த வேலை நடந்தது.

தொடக்கத்தில் குழாயின் கொள்ளளவில் ஏறத்தாழ 58 விழுக்காடு மணிகள், மற்றது காற்று. உருண்டைகளை ஒழுங்கின்றிக் கொட்டித் தட்டினால் 64 விழுக்காட்டுக்கு அருகே வந்து நின்றுவிடும் என்பதைப் பெர்னால் முதலியோர் 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே கண்டிருந்தார்கள். பழக்கடையில் ஆரஞ்சுப் பழத்தை வரிசை வரிசையாக அடுக்குவதுபோல் கைப்பட அடுக்கினால் 74 விழுக்காடு வரை நிரப்பலாம். அதற்குமேல் எந்த அடுக்காலும் முடியாது என்று 1611இல் கெப்ளர் ஊகித்தார். தாமஸ் ஹேல்ஸ் என்ற கணித அறிஞர் அதை நிறுவிக் காட்டியது 1998இல்தான். ஓர் ஊகம் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் நிரூபணத்துக்குக் காத்திருந்தது! அது வேறு கதை. நாம் தட்டிய குழாய்க்கு வருவோம்.

குழாயில் கண்டது இதுதான். முதல் பத்துத் தட்டில் மணிகள் ஓரளவு இறங்கின. அதேபோல் இன்னொரு பங்கு இறங்கப் பத்துத் தட்டுப் போதவில்லை. நூறாவது தட்டுவரை போகவேண்டியிருந்தது. அடுத்த பங்குக்கு ஆயிரம். அடுத்ததற்குப் பத்தாயிரம். அந்தப் பங்குகளும் போகப் போகச் சிறுத்தன. எத்தனை தட்டு என்பதைவிட, அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்பதுதான் இங்கே கணக்கு. கணிதத்தில் இதை மடக்கை என்பர். பத்தாயிரம் தட்டுக்குப் பிறகும் மணிகள் இறங்கி முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆக, அந்த அம்மாள் கேட்டதில் தவறில்லை. பொறுமைதான் போதவில்லை.

இவ்வளவு மெதுவாக ஏன் நடக்கவேண்டும்? மணி களைத்துப் போவதில்லை. தட்டும் இயந்திரமும் களைக்கவில்லை. பத்தாயிரமாவது தட்டு முதல் தட்டைப் போலவேதான் விழுகிறது. சூடான காப்பி ஆறுவதைப் பாருங்கள். முதலில் விரைவாக ஆறும், பிறகு மெதுவாக ஆறும். ஆனால் அந்த மெதுவில் ஓர் ஒழுங்கு உண்டு. மீதமுள்ள சூட்டில் பாதி குறையப் பத்து நிமிடம் என்றால், அதில் பாதி குறைய இன்னொரு பத்து நிமிடம். அரைமணி, ஒருமணி நேரத்தில் கதை முடிந்துவிடும். குழாயில் இருந்த மணிகளுக்கோ அப்படி ஒரு கால அளவே கிடையாது. எவ்வளவு நேரம் காத்தாலும், அதைப்போலப் பத்து மடங்கு காத்திரு என்கின்றன அவை.

இதை விளங்கிக்கொள்ள மணிகளின் உராய்வு, மோதல், எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கணிப்பொறியில் ஓட்டலாம். அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான மணிகளின் இயக்கத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தால், நமக்கு என்ன விளங்கிவிடும்? ஆகவே சிக்காகோ குழுவினர் எதிர்த்திசையில் போனார்கள். எவ்வளவு விட்டுவிடலாம், எதை விட்டால் மெதுவும் போய்விடும் என்று பார்த்தார்கள். இறுதியில் அவர்கள் கையில் நின்றது ஒரு தெரு. அதன் ஓரத்தில் சில கார்கள். அவ்வளவுதான்.

கோடு போடாத ஒரு நீண்ட தெருவை எண்ணிக்கொள்வோம். கார்கள் எல்லாம் ஒரே நீளம். வருகிறவர் தம் மனம்போல ஓரிடத்தில் நிறுத்துகிறார். இரண்டு காருக்கு நடுவே ஒரு கார் நீளம் இடம் இருந்தால் போதும். முன்னே பின்னே நகர்ந்து மற்றவருக்கு வழிவிடும் நற்பண்பு எவருக்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். (நம் ஊர்த் தெருக்களை அறிந்தவர்களுக்கு இது கடினமான கற்பனை அன்று.) நிறுத்தியவர் எவரும் திரும்ப எடுக்காவிட்டால் தெரு எவ்வளவு நிரம்பும்? அல்பிரட் ரேன்யி என்ற ஹங்கேரியக் கணித அறிஞர் 1958இல் இதைக் கணக்கிட்டார். விடை 74.76 விழுக்காடு. தெருவில் கால்பங்கு காலியாகவே கிடக்கும். ஆனாலும் இன்னொரு கார் நிறுத்த இடமிராது. காலியிடம் முழுதும் அரைக்கார், கால்கார் நீளமுள்ள துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும்.

இப்போது விதியைச் சற்றே தளர்த்துவோம். எப்போதாவது ஒருவர் வந்து தம் காரை எடுத்துக்கொண்டு போகிறார். தெருமுனையில் காத்திருக்கும் கூட்டம் பெரிது. ஆகவே இடம் கிடைத்த உடனே ஒரு கார் உள்ளே புகுந்துவிடுகிறது. ஒருவர் வெளியேற ஒருவர் புகுகிறார். எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் புதியவர் பழையவர் நின்ற அதே இடத்தில் நிற்பதில்லை; சற்று வலமாகவோ இடமாகவோ நிற்கிறார். இடைவெளிகள் இங்ஙனம் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். எப்போதோ ஒருமுறை, பல கார்களின் சிறு இடைவெளிகள் எல்லாம் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்து ஒரு முழுக் கார் நீளமாகிவிடும். அப்போதுதான் ஒருவர் போன இடத்தில் இருவர் நிற்க முடியும். தெருவின் நெருக்கம் கூடுவது அந்த ஒரு கணத்தில் மட்டுமே.

இனிச் சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெரு 80 விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்க. அப்படியானால் ஒவ்வொரு காருக்கும் சராசரியாகக் கால்கார் நீளம் காலியிடம் உண்டு. ஒரு முழு இடம் கிடைக்க நான்கு கார்களின் இடைவெளிகள் ஒன்றுசேர வேண்டும். 90 விழுக்காடு நிரம்பினால், ஒவ்வொன்றின் பங்கும் ஒன்பதில் ஒரு பாகம்தான். ஒன்பது கார்கள் ஒத்துழைக்க வேண்டும். 95 விழுக்காட்டில் பத்தொன்பது கார்கள். ஒருவரோடொருவர் கலந்து பேசாத பத்தொன்பது ஓட்டுநர்கள் தற்செயலாக ஒத்துப்போவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? கூடுகிற ஒவ்வொரு காருக்கும் காத்திருக்கும் காலம் ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகுகிறது. நான்கு கார் என்றால் 55 அலகு நேரம். ஒன்பது என்றால் சுமார் 8,100. பத்தொன்பது என்றால் ஏறத்தாழ 18 கோடி! எண்பதிலிருந்து தொண்ணூறு விழுக்காட்டுக்கு வந்த தெரு, தொண்ணூற்றைந்துக்கு வருவதற்குள் ஓட்டுநர்களின் பேரப்பிள்ளைகளும் ஓய்வுபெற்றுவிடுவார்கள்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால் குழாயின் விதியே வந்துவிடுகிறது. நேரம் பல மடங்கு பெருகினால்தான் மீதமுள்ள காலியிடம் ஒரு படி குறையும். காலியிடம், நேரத்தின் மடக்கைக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. சிக்காகோ பரிசோதனையின் அளவுகளில் பொருந்தியதும் ஏறத்தாழ இதே வடிவம்தான். மணி ஒன்று மேலிருந்து கீழே இறங்க, கீழே ஒரு மணி அளவுக்குக் குழி வேண்டும். அந்தக் குழி, பல மணிகளைச் சுற்றியுள்ள சிறு இடுக்குகள் ஒன்றுசேர்ந்து பிறக்க வேண்டும். ஒவ்வொரு தட்டும் இடுக்குகளைக் கலைத்துப் போடும் ஒரு சீட்டாட்டம் போன்றது. நெருக்கம் கூடக் கூட, வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

தெருவின் கதை மணலைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை இங்கே நின்று கவனிக்க வேண்டும். எந்தத் தனி மணியும் மெதுவாக இயங்குவதில்லை. ஒவ்வொரு தட்டிலும் அது தன் இடுக்குக்குள் துள்ளிக் குதிக்கிறது. மெதுவானது கூட்டம் மட்டுமே. நிறுத்திய காரைப் பார்த்து "இது ஏன் சோம்பேறியாக இருக்கிறது?" என்று கேட்டால் அதற்கு விடை இல்லை.

சரி, மணல் இருக்கட்டும். தலைப்பில் சொன்ன கண்ணாடி எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். மணலுக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு, மணலை உருக்கிக் கண்ணாடி செய்கிறோம் என்பதோடு முடிவதில்லை.

தண்ணீரைக் குளிரவைத்தால் பூஜ்யம் டிகிரி செல்சியஸில் பனிக்கட்டியாக உறைகிறது. உறையும்போது மூலக்கூறுகள் அணிவகுப்பில் நிற்கும் மாணவர்களைப் போல வரிசையில் வந்து நிற்கின்றன. உருகிய கண்ணாடியைக் குளிரவைத்தால் இப்படி எதுவும் நடப்பதில்லை. தேன்போல் இருந்தது பாகாகிறது, பாகு இறுகுகிறது, இன்னும் இறுகுகிறது, கடைசியில் தட்டினால் உடையும் திடப்பொருளாகிவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இது 550 டிகிரி செல்சியஸை ஒட்டி நடக்கிறது. அந்த நிலையில் அதன் பாகுத்தன்மை தண்ணீரைப்போல் ஆயிரம் இலட்சம் கோடி மடங்கு. அதாவது 1க்குப் பின்னால் 15 பூஜ்யம். வியப்பு இதுவன்று. ஊடுகதிர்களைக் கொண்டு அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று பார்த்தால், இறுகிய கண்ணாடியிலும் இறுகுவதற்கு முந்தைய திரவத்திலும் காட்சி ஏறக்குறைய ஒன்றே. அதே ஒழுங்கின்மை. ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை; நிழற்படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் 1995இல், திடப்பொருள் பௌதிகத்தில் தீர்க்கப்படாத மிக ஆழமான பிரச்சினை இதுவாகவே இருக்கலாம் என்று எழுதியது இதனால்தான்.

கண்ணாடி என்பது மிக மெதுவாக ஓடும் திரவம், ஆகவேதான் ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் ஜன்னல் கண்ணாடி அடிப்பாகத்தில் தடித்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். அது தவறு. பழங்காலத்தில் கண்ணாடித் தகடு செய்த முறையில் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வருவது வழக்கம். சாதாரண அறை வெப்பத்தில் கண்ணாடி தன் எடையால் ஓடித் தடிப்பதற்கு, இந்த அண்டத்தின் வயதைவிட மிக மிக நீண்ட காலம் வேண்டும் என்று சனோட்டோ என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர் 1998இல் கணக்கிட்டுக் காட்டினார்.

உண்மையில் ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம். பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக் கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் கீலை உருக்கி ஒரு புனலில் ஊற்றினார். கீல் என்பது தார் போன்ற கரும்பொருள். சுத்தியால் தட்டினால் கண்ணாடி போலச் சிதறும். மூன்றாண்டுகள் அடங்கவிட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் துளி 1938இல் விழுந்தது. 2014 முடிய விழுந்தவை ஒன்பதே துளிகள். பார்னெலுக்குப் பின் அதைப் பல்லாண்டு காத்துவந்த ஜான் மெயின்ஸ்டன், ஒரு துளி விழுவதைக்கூடத் தம் கண்ணால் காணாமலே 2013இல் காலமானார்.

ஜன்னல் ஓடாவிட்டாலும் கண்ணாடி முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. இதை முதலில் பொறுமையோடு அளந்தவர்களுள் ஒருவர், வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் கண்ட அதே ஜேம்ஸ் ஜூல். தம் வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்து, அதன் பூஜ்யக் குறி எங்கே நிற்கிறது என்று 1844 முதல் 1882 வரை அவ்வப்போது பார்த்துக் குறித்துவைத்தார். பூஜ்யம் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் குமிழ் நுண்ணிய அளவில் சுருங்கி, உள்ளிருக்கும் பாதரசத்தை மேலே தள்ளியதே காரணம். முதல் சில ஆண்டுகளில் விரைவாகவும் பிறகு மிகமிக மெதுவாகவும் ஏறி, 38 ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ ஒரு பாரன்ஹீட் டிகிரி நகர்ந்தது. குழாயில் தட்டத் தட்ட இறங்கிய மணிகளின் நடையும் ஜூலின் வெப்பமானியின் நடையும் ஒரே குடும்பச் சாயல் கொண்டவை அல்லவா?

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. அணுக்களை யாரும் தட்டவேண்டியதில்லை. வெப்பமே அவற்றை ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கிறது. மணலுக்கு அது போதாது. 2 மில்லிமீட்டர் கண்ணாடி மணி ஒன்றைத் தன் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல், அறை வெப்பம் அதற்குத் தரும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கோடி மடங்கு. ஆகவே நாம் தட்டினாலன்றி மணல் நகராது. மணலுக்கும் வெப்பநிலையைப் போன்ற ஓர் அளவை வரையறுக்கலாம் என்ற துணிச்சலான கருத்தைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சாம் எட்வர்ட்ஸ் 1989இல் முன்வைத்தார். அது எவ்வளவு தூரம் செல்லும் என்ற விவாதம் அன்று தொடங்கியது.

கண்ணாடிக்கும் கார் தெருவைப் போன்ற எளிய மாதிரிகள் உண்டு. 1984இல் ஃப்ரெட்ரிக்சன், ஆண்டர்சன் என்ற இருவர் (முன்னர்ச் சொன்ன ஆண்டர்சன் வேறு, இவர் வேறு) ஒன்றை அமைத்தனர். 1991இல் யேக்லே, ஐசிங்கர் ஆகியோர் அதை மேலும் எளிதாக்கினர். அதற்குக் "கிழக்கு மாதிரி" என்று பெயர் வந்தது. ஏனெனில் அதில் செய்தி ஒரே திசையில் மட்டும் போகும். அதை நாம் ஒரு திரையரங்கில் வைத்துப் பார்ப்போம்.

நெருக்கமான நாற்காலி வரிசை ஒன்று. ஒருவர் எழுவதானாலும் அமர்வதானாலும், அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவர் அப்போது நின்றுகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் இடிக்கும். விதி இவ்வளவே. வரிசையின் இடக்கோடியில் ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறார். மற்ற அனைவரும் அமர்ந்திருக்கிறார்கள். முதலாமவர் எழலாம். அவர் நிற்பதால் இரண்டாமவர் எழலாம். இப்போது முதலாமவர் அமர்ந்துகொள்ளலாம். இரண்டாமவர் நிற்பதால் மூன்றாமவர் எழலாம். இதுவரை எந்த நேரத்திலும் இரண்டு பேருக்குமேல் நிற்கவில்லை. நான்காமவர் எழ வேண்டுமானால்? மூன்றாமவரும் இரண்டாமவரும் நின்றுகொண்டிருக்க, மூன்றாவது ஆளாக அவர் எழவேண்டும். மூவர் ஒருசேர நிற்கலாம் என்று அனுமதித்தால் ஏழாவது நாற்காலி வரை எட்டலாம். நால்வர் என்றால் பதினைந்தாவது வரை. பத்துப் பேர் என்றால் 1023ஆவது வரை. பொத்தான்களையோ கூழாங்கற்களையோ வரிசையாக வைத்துச் செய்து பார்த்தால் இது விளங்கும். மூன்று பேரைக் கொண்டு ஏழாவது நாற்காலிக்குப் போவது நல்ல விளையாட்டு.

இங்கே நிற்பவர் என்பது, திரவத்தில் சற்றே நெகிழ்ந்திருக்கும் ஓர் இடம். அமர்ந்திருப்பவர் என்பது இறுகிய இடம். நிற்க ஆற்றல் வேண்டும். வெப்பம் குறையக் குறைய நிற்பவர் அருகிவிடுகின்றனர். அப்போது இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. ஒரு நெகிழ்ந்த இடத்துக்கும் அடுத்ததற்கும் தூரம் கூடுகிறது. கூடவே, அந்தத் தூரத்தைக் கடக்க ஒருசேர எழவேண்டியவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. எழ வேண்டியவர்கள் பெருகும் அதே வேளையில், எழும் வாய்ப்புக் குறைகிறது. ஆகவே குளிரும்போது இறுக்கம், சாதாரண வேதிவினைகள் தளர்வதைக் காட்டிலும் மிக விரைவாகக் கூடுகிறது. பல திரவங்கள் கண்ணாடியாகும்போது ஆய்வுக்கூடங்களில் காண்பதும் இதுவே.

இந்த மாதிரியில் நம்மை மிகக் கவர்வது வேறொன்று. எந்தக் கணத்திலாவது அந்த வரிசையை நிழற்படம் எடுங்கள். யார் நிற்கிறார், யார் அமர்ந்திருக்கிறார் என்பதில் எந்த ஒழுங்கும் இராது. காசைச் சுண்டிவிட்டு வைத்ததுபோல் இருக்கும். வெப்ப நிலையிலும் அப்படியே, கடுங்குளிரிலும் அப்படியே. நிற்பவர் தொகை மட்டும் குறைவு. நிழற்படத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் இயக்கமோ உறைந்து கிடக்கிறது. கண்ணாடியின் ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்து வியந்தோமே, அதே நிலைமை. பொருளின் அமைப்பில் எந்த மாற்றமும் இல்லாமல், எந்த அசைவு எப்போது அனுமதிக்கப்படும் என்ற விதியிலிருந்து மட்டுமே இத்தனை மந்தமும் பிறக்கக்கூடும் என்பதற்கு அந்த நாற்காலி வரிசை கண்கூடான சான்று.

பிறக்கக்கூடும் என்றுதான் சொன்னோம். அப்படித்தான் பிறக்கிறது என்று சொல்லவில்லை. இதில் அறிஞர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். வால்டர் கௌஸ்மன் என்பவர் 1948இல் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். உறையாமல் குளிரும் திரவத்தின் ஒழுங்கின்மை வேகமாகக் குறைகிறது. அதே போக்கில் இன்னும் குளிர்ந்தால், ஒழுங்காக அடுக்கிய படிகத்தைவிடவும் அது குறைந்துவிட வேண்டும். இது நம்பத் தகுந்ததன்று. ஆகவே அதற்குமுன் ஏதோ ஓர் உண்மையான நிலைமாற்றம் மறைந்திருக்க வேண்டும் என்பது ஓர் அணி. 1980களில் கிர்க்பேட்ரிக், திருமலை, வோலின்ஸ் ஆகியோர் இந்தக் கருத்தை வளர்த்தனர். 2021இல் நோபல் பரிசு பெற்ற இத்தாலியர் ஜார்ஜியோ பரிசியின் கணிதமும் இதற்குத் துணைநிற்கிறது. நாற்காலி வரிசையால் கௌஸ்மனின் வெப்ப அளவுகளுக்கு விடைசொல்ல முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இயக்கம் மந்தமாவதை மட்டும் காட்டி, உள்ளே ஒரு நிலைமாற்றம் இருக்கிறது என்று எவரும் இனி வாதிட முடியாது. எளிய மாதிரி அந்த வாதத்தின் கதவைச் சாத்திவிட்டது. அதன் உபயோகம் அதுதான் என்பது நம் கருத்து.

கார் தெருவுக்கும் இப்படியொரு சோதனை வந்தது. பிரான்சு நாட்டில் ரென் நகரத்தில் ஃபிலிப், பிடோ என்ற இருவர், சிக்காகோ குழாயைவிடப் பல மடங்கு அகலமான பாத்திரத்தில் மணிகளைத் தட்டிப் பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டனர். அங்கே மடக்கை விதி பொருந்தவில்லை. வேறொரு வகை மந்தம் பொருந்தியது. கடைசியில் மணிகள் ஒரு நிலையில் அடங்கியும் விட்டன. அவர்கள் கண்ட அந்த வடிவம் புதியதன்று. 1854இல் கோல்ராஷ் என்ற ஜெர்மானியர், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கண்ணாடிச் சாடியில் எஞ்சிய மின்னூட்டம் எப்படிக் கசிகிறது என்று அளந்தபோது எழுதிவைத்த அதே சூத்திரம்! அப்படியானால் சிக்காகோவில் கண்டது என்ன? அந்தக் குழாயின் குறுக்கே ஒன்பது மணிகள்தாம் நிற்க முடியும். சுவரை ஒட்டிய மணிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அந்தச் சுவர், முடிவை மாற்றியிருக்கலாம். அகலமும் தட்டும் முறையும் மாறினால் விதியும் மாறுகிறது. தெரு மாதிரி எல்லா மணலுக்கும் பொருந்தும் விதியைத் தரவில்லை. நெருக்கம் கூடினால் ஏன் மந்தம் கூடும் என்ற காரணத்தைத் தருகிறது.

நெருக்கம் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்றும் சிக்காகோவில் கேட்டுப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பரிசோதனை அது. ஒரே மணிகள், ஒரே நெருக்கம். ஆனால் அந்த நெருக்கத்துக்கு வந்த வழி வேறு. ஒருமுறை மெல்லத் தட்டி, ஒருமுறை நடுத்தரமாகத் தட்டி, ஒருமுறை பலமாகத் தட்டி அந்நிலைக்குக் கொண்டுவந்தனர். பிறகு மூன்றையும் ஒரே வலிமையில் தட்டினர். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன. ஆக, மணிகள் தாம் வந்த வழியை மறக்கவில்லை. நெருக்கம் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்காத ஏதோ ஒன்று, இடுக்குகளின் பரவலில் பதிந்து கிடக்கிறது. கார் தெருவிலும் இதைக் காணலாம்: இரண்டு தெருக்கள் ஒரே அளவு நிரம்பியிருக்கலாம், ஒன்றில் இடைவெளிகள் எல்லாம் சமமாகவும், மற்றொன்றில் சில பெரிதாகவும் பல சிறிதாகவும் இருந்தால், அடுத்த கார் எங்கே விரைவில் புகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்றும் அங்கே கண்டார்கள். பலமாகத் தட்டினால் மணிகள் விரைவில் இறங்கும். ஆனால் ஓரளவோடு நின்றுவிடும். மெல்லத் தட்டினால் இன்னும் நெருக்கமாக அடங்க முடியும். ஆனால் அதற்கு ஆயுள் போதாது. இரண்டையும் சேர்த்துப் பலமான தட்டில் தொடங்கி, வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், நெருக்கம் மிக அதிகமாகிறது. கண்ணாடித் தொழிற்சாலையில் ஊதி எடுத்த பாத்திரத்தை உடனே வெளியே வைக்காமல், சூட்டை மெல்ல மெல்லக் குறைத்து ஆறவைப்பதும் இதைப் போன்றதே. அவசரமாக ஆறிய கண்ணாடியில் இறுக்கம் ஏறி, ஒருநாள் தானே விரிசல் விடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அரிசி வேண்டாம், நீண்ட மணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுக்கிக்கொண்டு கணக்கைக் குழப்பும். கடுகு நல்லது. ஒரே மாதிரியான இரண்டு உயரமான கண்ணாடிப் போத்தல்களில் சம அளவு கடுகைக் கொட்டிக்கொள்ளுங்கள். முதல் போத்தலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி மென்மையாக நூறு தட்டுத் தட்டுங்கள். இரண்டாவதை முதல் இருபது தட்டில் பலமாகவும், பிறகு ஒவ்வோர் இருபதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தும் நூறு தட்டுத் தட்டுங்கள். பத்தாவது, ஐம்பதாவது, நூறாவது தட்டுகளில் மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.